பதின்மூன்று வாரம், ஒரு புது ஊர்: சிகாகோவுக்கு வேலைக்கு வரும் டிராவல் நர்ஸ்களுக்கு 20 குறிப்புகள்

அமெரிக்காவில் டிராவல் நர்ஸ் வேலை என்றால் பெரும்பாலும் 13 வார ஒப்பந்தம். வாரத்துக்கு 12 மணி நேர டியூட்டி மூன்று, மீதி நான்கு நாள் ஆஃப். கூட்டிப் பார்த்தால் ஒரு ஒப்பந்தத்துக்குள் 52 நாள் நம் கையில் இருக்கிறது. ஆனால் புது வார்டு, புது கம்ப்யூட்டர் முறை, பெயர்கூடத் தெரியாத டாக்டர்கள் என்று முதல் மாதம் பதற்றத்திலேயே ஓடிவிடும். ஆஃப் நாட்கள் தூக்கத்திலும் துணி துவைப்பதிலும் கரைந்துபோகும். ஊரைப் பார்க்கலாம் என்று நிமிரும்போது பெட்டி கட்டும் வாரம் வந்திருக்கும்.

நாள் முழுக்க அடுத்தவர் உடம்பையும் வலியையும் கவனிக்கிறவருக்குத் தன் மனசைக் கவனிக்கவும் நேரம் வேண்டும். அந்த நேரம் தானாக வராது. டியூட்டி சார்ட் போடுவதுபோல ஓய்வுக்கும் சார்ட் போட்டால்தான் கிடைக்கும். சிகாகோவுக்கு வருகிறவர்களை மனதில் வைத்து இந்தக் குறிப்புகள். ஊர் வேறானாலும் பாதிக்கு மேல் பொருந்தும்.

கையெழுத்துப் போடும் முன்

1. வேண்டிய விடுமுறையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். தோழி வீட்டுக் கல்யாணம், பொங்கல், ஊரிலிருந்து அப்பா அம்மா வரும் வாரம் என எந்தத் தேதி வேண்டுமானாலும் ஏஜென்சியிடம் முதலிலேயே சொல்லி எழுத்தில் சேர்த்துவிடுங்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு வார்டு மேனேஜரிடம் கேட்டால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். எழுத்தில் இருந்தால் தைரியமாக டிக்கெட் போடலாம்.

2. டியூட்டிகளைச் சேர்த்துப் போட முடியுமா என்று கேளுங்கள். ஒரு வாரம் ஞாயிறு, திங்கள், செவ்வாய். அடுத்த வாரம் வியாழன், வெள்ளி, சனி. இப்படி அமைந்தால் நடுவில் எட்டு நாள் சேர்ந்தாற்போல் ஆஃப், ஒரு நாள் லீவுகூடப் போட வேண்டியதில்லை. எல்லா வார்டிலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் இன்டர்வியூவிலேயே கேட்டுவிடுவது நல்லது. 13 வாரத்தில் ஒருமுறை இப்படி அமைந்தாலே ஒரு நெடும்பயணம் முடிந்துவிடும்.

3. வீடு தேடும்போது ரயிலையும் பாருங்கள். சிகாகோவின் 'எல்' ரயிலில் ரெட் லைன், புளூ லைன் இரண்டும் 24 மணி நேரமும் ஓடுகின்றன. புளூ லைன் ஓ'ஹேர் விமான நிலையம் வரை போகும். பெரிய ஆஸ்பத்திரிகள் கூட்டமாக இருக்கும் மெடிக்கல் டிஸ்ட்ரிக்ட் பகுதிக்கும் அதில் ஒரு ஸ்டேஷன் உண்டு. இந்த இரண்டு லைனில் ஒன்றின் பக்கத்தில் வீடு கிடைத்தால் டியூட்டிக்கும் உதவும், ஊர் சுற்றவும் கார் வேண்டாம். வென்ட்ரா கார்டு ஒன்று வாங்கிவிட்டால் ரயில், பஸ் இரண்டுக்கும் அதுவே போதும். பின்னிரவில் ஏறினால் டிரைவர் இருக்கும் முதல் பெட்டியில் ஏறுங்கள்.

4. மூன்று பட்டியல் போட்டு வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிட்டு வரக்கூடிய இடங்கள், அரை நாள் இடங்கள், முழு நாள் இடங்கள். போனிலேயே குறித்து வையுங்கள். வார்டில் நோயாளிகள் குறைவென்று சில நாள் கடைசி நேரத்தில் உங்கள் டியூட்டியை ரத்து செய்வார்கள். அன்று 'எங்கே போகலாம்' என்று யோசிக்கத் தொடங்கினால் நாள் போய்விடும். பட்டியல் தயாராக இருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பலாம்.

தூக்கம் முதலில்

5. கடைசி நைட் டியூட்டி முடிந்த நாளைப் பயண நாளாக வைக்காதீர்கள். காலையில் வந்ததும் மதியம் வரை மட்டும் தூங்குங்கள். எழுந்து குளித்து, சாப்பிட்டு, மாலையில் பக்கத்துப் பூங்கா வரை ஒரு நடை. அன்று இரவு சீக்கிரம் படுத்தால் மறுநாள் உடம்பு பகலுக்குத் திரும்பியிருக்கும். நைட் முடித்த கண்ணோடு நெடுஞ்சாலையில் கார் ஓட்டுவது ஆபத்து. இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

6. வார நாள் உங்கள் சொத்து. மற்றவர்கள் சனி, ஞாயிறில் வரிசையில் நிற்பார்கள். உங்களுக்குச் செவ்வாயும் வியாழனும் ஆஃப். மியூசியத்தில் கூட்டம் இருக்காது, ஹோட்டல் வாடகை குறைவு, படகில் ஓரத்து இருக்கை கிடைக்கும். சில மியூசியங்கள் வார நாட்களில் ஓரிரு நாள் மூடியிருக்கும் என்பதால் கிளம்பும் முன் நேரத்தைப் பார்த்துவிடுங்கள்.

7. சூரிய உதயத்துக்கு ஒரு காலை ஒதுக்குங்கள். மிஷிகன் ஏரி நகரத்துக்குக் கிழக்கே இருப்பதால் உதயம் தண்ணீரின் மேல்தான். எதிர்க்கரை தெரியாது, மெரினாவில் நிற்பதாகவே தோன்றும், உப்பு வாசனை மட்டும் இருக்காது. ஜனவரியில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எழும். அதனால் ஆஃப் நாளில் அலாரம் வைத்து அவதிப்பட வேண்டாம். ஜூனில் ஐந்தேகாலுக்கே உதயம். நைட் டியூட்டிக்குப் பழகி, ஆஃப் அன்றும் விடியும்வரை தூக்கம் வராதவர்களுக்கு அதுவே வசதி.

காசில்லாமல் பார்க்க

8. ஏரிக்கரைப் பாதையில் வாரம் ஒருமுறை நடங்கள். கரையோரமாகவே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளம். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனித்தனிப் பாதை. டிவ்வி வாடகை சைக்கிள் ஆங்காங்கே கிடைக்கும். வடக்கே மான்ட்ரோஸ் முனையில் ஒரு புதர்க்காடு இருக்கிறது. ஏரியோரமாக வலசை போகும் பறவைகள் இறங்கி இளைப்பாறும் இடம் அது. இதுவரை 300-க்கும் மேற்பட்ட பறவையினங்களை அங்கே பார்த்திருக்கிறார்கள். மே மாதத்தில் போனால் பைனாகுலரோடு நிற்கிறவர்கள் அவர்களாகவே காட்டித் தருவார்கள். புது ஊரில் பேச்சுத் துணை கிடைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

9. கட்டணமில்லாத மூன்று இடங்களை முதல் மாதத்திலேயே முடியுங்கள். லிங்கன் பார்க் மிருகக்காட்சிசாலை 1868-இல் தொடங்கியது. வருடம் முழுக்க இலவசம். சிகாகோ கல்ச்சுரல் சென்டர் 1897-இல் பொது நூலகமாகக் கட்டப்பட்ட கட்டிடம். மாடியில் டிஃபனி கண்ணாடியாலான குவிமாடம் இருக்கிறது, குறுக்களவு 38 அடி. வெயில் உள்ள பகலில் போய் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். எதிரே மில்லேனியம் பார்க். மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் செய்த 'கிளவுட் கேட்' சிற்பம் அங்கேதான். ஊர்க்காரர்கள் அதை 'பீன்' என்கிறார்கள். கூட்டமில்லாமல் படம் எடுக்க வேண்டுமென்றால் வார நாள் காலை எட்டு மணிக்குப் போங்கள்.

10. ஹெரால்ட் வாஷிங்டன் நூலகத்தின் ஒன்பதாம் மாடியைத் தெரிந்து வையுங்கள். 1991-இல் திறந்த நகர மைய நூலகம் இது. மேல்மாடியில் கண்ணாடிக் கூரை போட்ட விசாலமான கூடம் இருக்கிறது. அறையில் தனியாக உட்காரப் பிடிக்காத மதியங்களுக்குப் புத்தகமும் வெளிச்சமும் சுற்றிலும் மனிதர்களும். ஒரு பைசா செலவில்லை.

நிதானமாகப் பார்க்க

11. ஆர்ட் இன்ஸ்டிடியூட்டுக்கு முழு நாள் வையுங்கள். 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் உலகச் சமய மாநாட்டில் பேசியது மிஷிகன் அவென்யூவில் உள்ள இந்தக் கட்டிடத்தில்தான். அவரை அனுப்பச் சென்னையில் அவருடைய சீடர் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாக நிதி திரட்டினார். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியும் துணை நின்றார். உள்ளே தெற்காசியக் கூடத்தில் நாகப்பட்டினத்துப் புத்தர் அமர்ந்திருக்கிறார். சுமார் 12-ஆம் நூற்றாண்டின் சோழர் காலக் கருங்கல் சிற்பம். தியானத்தில் கைகளை மடியில் வைத்திருக்கிறார், கண் பாதி மூடியிருக்கிறது. கல்லில் மினுமினுப்பு இல்லை, அலங்காரமும் அதிகமில்லை. ஆனாலும் எதிரே நின்றால் நகர மனம் வராது. ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி விஹாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலத்தைக் கொடையாகக் கொடுத்த அதே நாகப்பட்டினம். பிறகு எட்வர்ட் ஹாப்பர் 1942-இல் வரைந்த 'நைட்ஹாக்ஸ்' ஓவியத்தைத் தேடிப் போங்கள். நள்ளிரவில் ஒரு சின்னக் கடை, விளக்கு வெளிச்சம், பேசாமல் உட்கார்ந்திருக்கும் நாலு பேர். நைட் டியூட்டி பார்த்தவர்களுக்கு அந்த ஓவியத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

12. ஆற்றுப் படகில் ஒருமுறை போய் வாருங்கள். கட்டிடங்களைப் பற்றி விளக்கிக்கொண்டே ஒன்றரை மணி நேரம் கூட்டிப் போகும் படகுகள் உண்டு. செவிலியர் கவனிக்க வேண்டியது அந்த ஆற்றின் திசை. முன்பு ஊர்க்கழிவு ஆறு வழியாக ஏரியில் கலந்தது. குடிதண்ணீரும் அதே ஏரியிலிருந்து வந்தது. டைபாய்டும் வாந்திபேதியும் ஊரை வாட்டின. 1900-இல் கால்வாய் வெட்டி, ஆறு ஏரியை விட்டு விலகி ஓடும்படி திருப்பிவிட்டார்கள். நோய் தடுப்பதற்காக ஓர் ஆற்றையே திருப்பிய ஊர் இது என்று தெரிந்துகொண்டு படகில் உட்கார்ந்தால், பார்க்கிற காட்சியே வேறாக இருக்கும்.

13. நம் தொழிலின் வரலாறு இருக்கும் இடங்களை விட்டுவிடாதீர்கள். வடக்கு லேக் ஷோர் டிரைவில் அறுவைசிகிச்சைக்கென்றே ஒரு சர்வதேச மியூசியம் இருக்கிறது. 1917-இல் கட்டிய பழைய மாளிகை, நான்கு மாடி. போலியோ நோயாளிகளைப் படுக்கவைத்து மூச்சுவிட வைத்த இரும்பு நுரையீரல், அந்தக் காலத்து ரம்பங்கள், கத்திகள் எல்லாம் பார்க்கலாம். நாம் இன்று வென்டிலேட்டர் பொத்தானைத் தொடும் கையோடு அதைப் பார்ப்பது தனி அனுபவம். அடுத்தது ஹல் ஹவுஸ். 1889-இல் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் ஏழைக் குடியேறிகளுக்காகத் தொடங்கிய இல்லம். ஆடம்ஸுக்கு 1931-இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. கறுப்பினப் பெண் என்பதால் நர்சிங் பள்ளிகள் சேர்க்க மறுத்த எம்மா ரெனால்ட்ஸுக்காகக் குரல் எழுந்து, 1891-இல் டாக்டர் டேனியல் ஹேல் வில்லியம்ஸ் நர்சிங் பள்ளியோடு பிராவிடென்ட் ஆஸ்பத்திரியைத் தொடங்கியதும் இதே ஊரில்தான்.

14. உயரத்திலிருந்து பார்ப்பதென்றால் வானம் தெளிந்த நாளில் போங்கள். வில்லிஸ் டவர் 110 மாடி. 1998 வரை உலகிலேயே உயரமான கட்டிடம் அதுதான். 103-ஆம் மாடியில் வெளியே நீட்டிய கண்ணாடித் தளத்தில் நிற்கலாம். அதன் கட்டமைப்பை வகுத்தவர் டாக்காவில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான். டிக்கெட் விலை அதிகம். மேகம் இறங்கிய நாளில் மேலே போனால் வெறும் வெள்ளைத் திரைதான் தெரியும். அதனால் முன்கூட்டி வாங்காமல், அன்று காலை வானத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

குளிர்காலமும் கோடையும்

15. குளிரில் வீட்டுக்குள் முடங்காதீர்கள், பசுங்கூடத்துக்குப் போங்கள். டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். பகல் டியூட்டிக்காரர்கள் வாரக்கணக்கில் வெயிலையே பார்க்காமல் இருப்பார்கள், மனசு சோர்ந்துபோகும். கார்ஃபீல்ட் பார்க் பசுங்கூடம் 1908-இல் திறந்தது. ஆன்லைனில் நேரம் பதிவு செய்துவிட்டுப் போங்கள். வெளியே பனி கொட்டும்போது உள்ளே வாழையும் கரும்பும் பனைவகை மரங்களும் ஈர மண் வாசனையும் இருக்கும். கோட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடி மேல் படியும் ஆவியைத் துடைத்துக்கொண்டு, ஒரு வாழைமரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் அடுத்த மூன்று டியூட்டிக்குத் தெம்பு வரும்.

16. குளிர்காலப் பாதுகாப்பு மூன்று. முதலாவது உடை: ஒரே தடிக் கோட்டைவிட தெர்மல், ஸ்வெட்டர், காற்றுப் புகாத மேல்கோட்டு என்று அடுக்கடுக்காக அணியுங்கள். ஷூ வழுக்காததாக இருக்க வேண்டும். இரண்டாவது ஏரி: கரையோரம் உறைந்து நிற்கும் பனிப்பாறை கெட்டித் தரைபோலத் தெரியும், அடியில் பொள்ளலாக இருக்கும். அதன் மேல் கால் வைக்கவே கூடாது. மூன்றாவது கார்: டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை முக்கியச் சாலைகள் சிலவற்றில் அதிகாலை 3 முதல் 7 மணி வரை வண்டி நிறுத்தத் தடை. பனி பெய்யாத நாளிலும் இழுத்துப்போவார்கள். தெருப்பலகையைப் படித்துவிட்டு நிறுத்துங்கள்.

17. கோடையில் மாலைகளைக் காலியாக வையுங்கள். ஜூனில் எட்டரை மணிவரை வெளிச்சம் இருக்கும். மில்லேனியம் பார்க்கின் திறந்தவெளி அரங்கில் கோடை முழுக்க இலவச இசைக் கச்சேரிகள் நடக்கும். ஒரு போர்வையும் சாப்பாட்டு டப்பாவும் போதும், புல்வெளியில் உட்கார்ந்து கேட்கலாம். ஏரியில் இறங்கும்போது கொடியின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு பறந்தால் நீச்சல் கூடாது. நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் இந்த ஏரியின் அலை இழுத்துப்போகும்.

நம்ம ஊர் நினைப்பு வரும்போது

18. டெவான் அவென்யூவுக்கு மாதம் ஒருமுறை போய் வாருங்கள். இட்லி அரிசி, புளி, கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும். பட்டேல் பிரதர்ஸ் கடை 1974-இல் முதன்முதலாகத் தொடங்கியதும் இந்தத் தெருவில்தான். ஒரு ஆஃப் நாளில் சாம்பார் பொடியும் புளிக்காய்ச்சலும் செய்து வைத்தால் டியூட்டி நாட்களில் சமையல் பாரம் குறையும். கோயிலுக்கு லெமான்ட்டில் ராமர் கோயில், அரோராவில் பாலாஜி கோயில். இரண்டும் நகருக்கு வெளியே இருப்பதால் கார் உள்ள சக நர்ஸ் யாரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். சிகாகோ தமிழ்ச் சங்கத்தின் பொங்கல், சித்திரை விழாத் தேதிகளை முதல் வாரத்திலேயே விசாரித்து வைத்தால், அந்த நாளை ஆஃபாகக் கேட்க வசதி.

ஊருக்கு வெளியே

19. சேர்ந்தாற்போல் ஆஃப் கிடைத்தால் மூன்று பயணங்கள். முதலில் இந்தியானா டியூன்ஸ். 2019-இல் தேசியப் பூங்காவானது. மில்லேனியம் ஸ்டேஷனில் சவுத் ஷோர் ரயில் ஏறி டியூன் பார்க்கில் இறங்கலாம். ஏரிக்கரையில் குன்று குன்றாக மணல்மேடு. வானம் தெளிவாக இருந்தால் தண்ணீருக்கு அப்பால் சிகாகோவின் கோபுரங்கள் தெரியும். தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். மணலில் ஏறுவது சமதளத்தில் நடப்பதைவிட இரட்டிப்புக் களைப்பு. இரண்டாவது மில்வாக்கி. யூனியன் ஸ்டேஷனிலிருந்து ஹையவாத்தா ரயிலில் ஒன்றரை மணி நேரம். ஏரிக்கரை ஓவிய மியூசியத்தின் கூரையில் பறவைச் சிறகுபோல விரிந்து மடங்கும் அமைப்பு இருக்கிறது. காலையில் போய் இரவு திரும்பிவிடலாம். மூன்றாவது ஸ்டார்வ்ட் ராக் மாநிலப் பூங்கா. ஏறக்குறைய 150 கிலோமீட்டர், கார் வேண்டும், நுழைவுக் கட்டணம் இல்லை. மணற்பாறைப் பள்ளத்தாக்குகளில் அருவி பார்க்க வேண்டுமென்றால் பனி உருகும் வசந்த காலமே நல்லது. ஆகஸ்டில் போனால் பல அருவிகள் வறண்டிருக்கும். தனியாகப் போனால் எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

கடைசி இரண்டு வாரத்துக்கு

20. நீட்டிப்புக்குத் தலையாட்டும் முன் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒப்பந்தம் முடியப்போகும்போது, 'இன்னும் சில வாரம் இருக்கிறீர்களா' என்று கேட்பார்கள். சம்பளக் கணக்கோடு இன்னொரு கணக்கும் போடுங்கள். இந்த ஊரில் எத்தனை இடம் பார்த்தோம், பெயர் சொல்லிக் கூப்பிட எத்தனை பேர் கிடைத்தார்கள், சிரித்துக்கொண்டு டியூட்டிக்குப் போன நாட்கள் அதிகமா, சுமந்துகொண்டு போன நாட்கள் அதிகமா. பட்டியலில் ஒன்றுமே டிக் ஆகவில்லை என்றால் உழைப்பு கூடிவிட்டது, ஓய்வு குறைந்துவிட்டது என்று பொருள். அப்படியானால், நீட்டித்தாலும் நீட்டிக்காவிட்டாலும் நடுவில் ஒரு வாரம் இடைவெளி கேட்டு வாங்குங்கள். போகும்போது உங்கள் மூன்று பட்டியலையும், எந்த பஸ், எந்த நேரம், எங்கே சாப்பாடு என்ற விவரத்தோடு ஒரு தாளில் எழுதி, அடுத்து வரும் டிராவல் நர்ஸுக்கு என்று ஓய்வறையில் ஒட்டிவிட்டுப் போங்கள். புதிதாக வருகிறவருக்கு முதல் வாரத்திலேயே அது கிடைத்தால் அவருடைய 52 நாளில் ஒன்றுகூட வீணாகாது.